காமாலை என்று எழுத மாட்டேன்

கணவர் இறந்தபின் இருந்த இத்தா முடிந்து நான் முற்றத்தில் நின்று வெயிலைப் பார்த்த அதே வாரத்தில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் வீட்டின் பின்பாதியை, அதாவது அடுப்படியையும் கிணற்றையும் குளியலறையையும், பின்வீட்டு சாகுலிடம் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைக்க மாட்டேன் என்றால் அதற்குக் காரணத்தைத் தென்காசி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டுமாம். நோட்டீஸ் கொண்டுவந்தவர் நல்ல மனிதர். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சீக்கிரமா வக்கீலப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடத் தோன்றவில்லை.

சகோதரிகளே, அல்லாஹ்வின் அருள் உங்கள் வீடுகளில் நிறையட்டும். மேடையேறிப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. எங்கள் தெருப் பெண்கள் மார்க்கப் பேச்சுக் கேட்கக் கூடும் பயானில் இதை ஒருமுறை சொன்னேன். கேட்டவர்களில் இரண்டு பேர் அழுதார்கள், ஒருவர் மட்டும் "இத எழுதிக் குடு ஆமினா" என்றார். அழுதவர்களை விட்டுவிட்டேன். எழுதச் சொன்னவர் பேச்சைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அச்சன்புதூர். என் கணவர் முகைதீன் குற்றாலத்தில் சீசன் கடை வைத்திருந்தார். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு, கைலி, அரைக்கால் சட்டை. சாரல் விழுகிற மாதங்களில் அங்கேயே கிடப்பார். மற்ற மாதங்களில் கைலி மூட்டையோடு ஊர் ஊராகச் சுற்றுவார். வீட்டில் அவருடைய உம்மா, அதாவது என் மாமி, நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ரிஸ்வானா. இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

வழக்கு எங்கள் தலைமுறையில் முளைத்தது. பாட்டனார் இடத்தை அண்ணன், தம்பி இருவரும் முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பக்கம் என் மாமனாருக்கு, பின்பக்கம் அவர் தம்பிக்கு. அந்தத் தம்பியின் மகன்தான் சாகுல். அவன் வீட்டு வாசல் அடுத்த தெருவைப் பார்த்து இருக்கிறது. அந்தத் தெருவை அகலப்படுத்தியபோது அவன் பக்கம் கொஞ்சம் இடம் ரோட்டுக்குப் போய்விட்டது. அதைக் கணக்கில் எடுக்காமல் புது ரோட்டோரத்திலிருந்து அளந்தால் கோடு எங்கள் அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. சாகுல் அப்படித்தான் அளந்து வழக்குப் போட்டான். கோர்ட்டு அனுப்பிய கமிஷனரும் அப்படியே அளந்தார். முன்சீப் கோர்ட்டில் எங்களுக்குத் தோல்வி.

தீர்ப்பு வந்தது சென்ற வருடம் சாரல் தொடங்கிய வாரத்தில். அப்பீல் செய்ய ஒரு மாதம் அவகாசம் உண்டு. என் கணவர் எங்கள் வக்கீல் ராமநாதன் சாரிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. "அப்பீல் போட்டுருவோம் சார். இங்கன கூட்டம் தாங்கல, கடைய விட்டு வர முடியல. தீர்ப்பு நகல் வந்ததும் சொல்லுங்க, ஓடி வந்து கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

நகல் வருவதற்கு முன் அவர் போய்விட்டார். கடையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மவுத்து. காலையில் என்னிடம் பேசிய மனிதர், மாலைத் தொழுகையான அஸர் நேரத்தில் வெள்ளைத் துணிக்குள் வீட்டுக்கு வந்தார்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அதுதான் இத்தா. அலங்காரம் கிடையாது. அவசியம் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. மாமி உள்ளறை வாசலில் வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டிவிட்டார். வருகிற பெண்கள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வாசலோடு மாமியிடம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

வழக்கை நான் மறக்கவில்லை. ஒருநாள் மாமியிடம் கேட்டேன். "அதெல்லாம் வக்கீல் பாத்துக்கிடுவாரு. நீ ஓதுத வேலயப் பாரு" என்றார். எங்கள் வீட்டில் மாமி ஒன்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நானும் ஓதுகிற வேலையைப் பார்த்தேன்.

இப்போது நோட்டீஸ் வந்துவிட்டது. துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு மகளோடு தென்காசிக்குப் பஸ் ஏறினேன். வக்கீல் ராமநாதன் சார் நோட்டீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் குமாஸ்தா முருகையா அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நான்தான் அப்பவே நகல வாங்கி, பேப்பர் எல்லாம் ரெடி பண்ணி, இவர வீட்டுக்கே அனுப்பினேனேம்மா. நீங்க மூணு பேரும் வாரிசு. உங்க கையெழுத்து வேணும்ல?"

"எங்கிட்ட யாரும் வரலயே சார்" என்றேன்.

முருகையா அண்ணாச்சி நெளிந்தார். "வந்தேம்மா. டைம் முடிய நாலஞ்சு நாள் கெடந்துச்சு. வாசல்ல பெரியம்மா நின்னாவ. புள்ள இத்தா இருக்கா, ஆம்பளைய வரப்படாது, காகிதமும் எடுக்கப்படாதுன்னாவ. உங்க சாமி காரியம், நான் என்னத்தச் சொல்ல? அப்படியே திரும்பிட்டேன்."

"மத விஷயம், அதுக்கு மேல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நானும் விட்டுட்டேன். அப்பீல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார் வக்கீல்.

இதில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். குமாஸ்தா எங்கள் மார்க்கத்துக்கு மரியாதை கொடுத்தார். வக்கீல் குமாஸ்தாவின் சொல்லுக்கு மரியாதை கொடுத்தார். நான் மாமிக்கு மரியாதை கொடுத்தேன். இத்தனை மரியாதைக்கு நடுவில் அப்பீல் காலம் ஓடிப்போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான் அனுப்பினேன். இத்தா இருக்குத வீட்டுல வந்து எவனாவது காகிதத்த நீட்டுவானா? மவுத்தானவன் பேருல உள்ளத இத்தா முடியுமட்டும் தொடப்படாது. மார்க்கப்படிதான் செஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாமி?"

"நீ இருந்த இருப்புல உங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அதோடு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அன்று அழுதேன். கணவர் இறந்தபோது அழுததைவிட அன்று அதிகம் அழுதேன் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். அவர் இறந்தபோது அது அல்லாஹ்வின் முடிவு என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இதை எப்படித் தேற்றிக்கொள்வது? ரிஸ்வானா கிணற்றடியில் துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிணறு போனால் நாங்கள் மூன்று பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டும். அடுப்பை முன்அறையில் வைக்க வேண்டும். குளிப்பதற்கு யார் வீட்டு மறைவைத் தேடுவது?

மறுநாள் மறுபடியும் வக்கீலிடம் போனேன். ஒரு வழி இருக்கிறது என்றார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி சப் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் உண்டு என்று நீதிபதிக்குப் பட்டால் அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். படாவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எங்கள் பக்கம் நியாயமா, அவர்கள் பக்கம் நியாயமா என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

"அப்ப என்ன காரணம் போடணும் சார்?"

"அத நீங்க ஏன் கவலப்படுறீங்க? மஞ்சள் காமாலன்னு போட்ருவோம். நாட்டு வைத்தியம் பாத்து, பத்தியத்துல படுத்திருந்தீங்க. செங்கோட்டைப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு, சர்ட்டிபிகேட் குடுத்துருவாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எனக்குக் காமால வரலயே சார்" என்றேன்.

"யாருக்கும்மா வந்துச்சு? லேட்டா அப்பீல் போட்ட முக்காவாசிப் பேருக்கும் காமாலதான். கோர்ட்டுக்கே தெரியும்."

"நான் இத்தாவுல இருந்தேன். அதுதான காரணம்? அதப் போடுங்க."

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இத்தாவில் இருக்கும் பெண் கையெழுத்துப் போடக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்று எதிர் வக்கீல் கேட்பார். மாமியாருக்கு இத்தா இல்லையே, அவர் ஏன் அப்பீல் போடவில்லை என்று கேட்பார். இத்தா என்று போட்டால் ஆயிரம் ஓட்டை. காமாலை என்றால் ஒரு ஓட்டையும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொன்னது எல்லாமே சரி.

ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. பொய் சத்தியம் பாவம் என்பது ஒன்று. அதைவிட எனக்கு இன்னொன்று உறுத்தியது. என் கணவர் இறந்து, வெள்ளைத் திரைக்குப் பின்னால் நான் இருந்தேனே அந்த இருப்பு, அதற்குக் காமாலை என்று பெயர் வைப்பதா? அது என் துக்கம். அதை வைத்தியர் சர்ட்டிபிகேட்டில் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. "நடந்தத நடந்தபடி எழுதுங்க சார். இல்லன்னா கையெழுத்து இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் மாமி வக்கீல் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஏட்டி, காமாலன்னு போட்டா உனக்கு என்ன கொறஞ்சு போகுது? வீட்டு இத்தாவ கோர்ட்டுல கொண்டு வச்சு நாலு பேரு சிரிக்கணுமா? நான் திருப்பி அனுப்புனத ஊரு பூரா சொல்லணுமா?" பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மனுவில் அவரும் ஒரு வாரிசு, அவர் கையெழுத்தும் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுக்கொடுத்தார். "நான் கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார்.

அதற்கிடையில் எங்கள் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய் நேராகவே கேட்டேன், இத்தாவில் இருக்கும் பெண் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்று. "திரைக்கு அந்தப் பக்கமா இருந்து போடுறதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. அவசியமான காரியம்தான அது" என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மார்க்கம் தடுக்கவில்லை. நாங்களேதான் தடுத்துக்கொண்டோம். இதைச் சொன்னதும் வக்கீல் தலையில் கை வைத்தார். "இத மட்டும் கோர்ட்டுல சொல்லிராதீங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியற்காலை பஜ்ர் தொழுதபின் பாயை விட்டு எழாமல் துஆ கேட்டேன். முதலில் எல்லாவற்றையும் கேட்டேன். அடுப்படி வேண்டும், கிணறு வேண்டும், சாகுல் தோற்க வேண்டும், மாமிக்குப் புத்தி வர வேண்டும். நீளமான பட்டியல். போகப் போக எனக்கே வெட்கமாக இருந்தது. என்னைப் படைத்த ரப்பிடம் நான் கடைக்காரனிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "யா அல்லாஹ், நான் உண்மை சொல்லப் போகிறேன். அதைக் கேட்க ஒரு மனுஷரை உட்கார வை. நான் சொல்வதில் குறை இருந்தால் அதை நீயே நிரப்பு." அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. அடம் பிடிக்கிற குழந்தை மாதிரி தினமும் அதையே கேட்டேன்.

மனு விசாரணைக்கு வந்தது. சாகுல் தரப்பில் எதிருரை போட்டிருந்தார்கள். சப் கோர்ட்டில் இருந்தவர் ஒரு ஜட்ஜ் அம்மா. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வாசித்தவர் நிறுத்தினார். "மனுதாரர் மஞ்சள் காமாலை என்று சொல்வது பொய், மருத்துவச் சான்று ஜோடிக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே. இந்த மனுவுல காமாலை எங்க இருக்கு?" என்று எதிர் வக்கீலிடம் கேட்டார். அவர் காகிதத்தைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். எல்லா வழக்குக்கும் அடிக்கிற எதிருரையை எங்களுக்கும் அடித்துப் போட்டிருந்தார்கள், மனுவை வாசிக்காமலே! பின்னால் இருந்த வக்கீல்கள் சிரித்துவிட்டார்கள். ராமநாதன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் வழக்கே ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் கூண்டில் ஏறும்வரைதான். எதிர் வக்கீல் அவமானத்தைச் சேர்த்து வைத்துக் கேட்டார்.

"இத்தாவுல வாசல் தாண்டக் கூடாதுன்னு சொல்றீங்க. நடுவுல உங்க மகளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா இல்லையா?"

"போனேன். டெங்குக் காச்சல். அவசியம்னா போகலாம்."

"அப்ப வக்கீல் ஆபீசுக்கும் போயிருக்கலாமே?"

"காச்சல் அடிச்சது தெரிஞ்சுது, போனேன். குமாஸ்தா வந்தது தெரியல."

"இத்தாவுல கையெழுத்துப் போட உங்க மதத்துல தடை இருக்கா?"

ராமநாதன் சார் குனிந்துகொண்டார். நான் ஜட்ஜ் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "தடை இல்லம்மா. பெறகு ஆலிம்சாகிட்ட கேட்டுத்தான் எனக்கே தெரியும். அன்னைக்கு எங்கிட்ட கேட்டிருந்தா திரைக்குப் பின்னால இருந்து போட்டுக் குடுத்திருப்பேன்."

எதிர் வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சரி. உங்க மாமியாருக்கு இத்தா கிடையாது. அவங்களும் வாரிசு. அவங்க ஏன் அப்பீல் போடல?"

"அவுக மனசுல இருந்தது எனக்குத் தெரியாது. வந்தவர திருப்பி அனுப்பினாவ. அது மட்டும் தெரியும்."

"அவங்க ஏன் கோர்ட்டுக்கு வரல?"

"வரமாட்டேன்னுட்டாவ" என்றேன். ஜட்ஜ் அம்மா எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் வக்கீல் உண்மையைச் சொல்லிவிட்டார். மாமியார் வந்து சொன்னால்தான் இந்த ஓட்டை அடைபடும், இல்லையென்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். பெஞ்சுக் கடைசியில் உட்கார்ந்திருந்த சாகுல் என்னைப் பார்க்காமல் நடந்து போனான்.

வீட்டுக்கு வந்தேன். மாமியை வற்புறுத்தக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அவரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால் அது என் வேலையாகத்தான் இருக்கும். நான் கேட்டிருந்தது வேறொருவனிடம். அஸர் தொழுதுவிட்டு ஈர விறகோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். மாமி அடுப்படி நிலையில் வந்து நின்றார்.

"அந்த வக்கீலு என்ன கேட்டாரு?"

சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எம் மேல பழியப் போட்டியா?"

"இல்ல மாமி. உங்க மனசுல உள்ளது எனக்குத் தெரியாதுன்னேன்."

அவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டார். பிறகு போய்விட்டார். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் பஜ்ருக்குப் பிறகு நான் அதே துஆவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பாயிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"அந்தக் கோர்ட்டுக்குப் போணும்னா எத்தன மணிக்கு பஸ்ஸு?"

என் கை ஏந்தினபடியே நின்றுவிட்டது. நான் ஒரு வார்த்தைகூட அவரிடம் கேட்கவில்லை, சகோதரிகளே. ஒரு வார்த்தைகூட இல்லை. கேட்டதெல்லாம் மேலே உள்ளவனிடம்தான்.

அடுத்த வாய்தாவுக்கு மாமி வந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷி, கோர்ட்டுப் படியை முதல் தடவையாக மிதிக்கிறார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் வக்கீல், மார்க்கத்தில் இல்லாத தடையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். மாமி அவரைப் பார்க்கவில்லை. ஜட்ஜ் அம்மாவைப் பார்த்தே பேசினார்.

"மார்க்கத்துல இருக்கா இல்லையான்னு நான் பாக்கலம்மா. எம் மவன் போயி மூணு வாரம்கூட ஆவல. அந்த ஐயா காகிதத்த நீட்டினாவ. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. எம் மவன் பேரு மட்டும் தெரியும், அவன் சின்னதுல செவத்துல எழுதி எழுதிக் காட்டுவான். அந்தக் காகிதத்துல அவன் பேரு இருந்துச்சு. மவுத்துன்னும் எழுதியிருக்குன்னு அந்த ஐயா சொன்னாவ. அதக் கையில வாங்க என்னால முடியல. வாங்கிட்டா அவன் போனது நெசமாயிரும்னு இருந்துச்சு. இத்தான்னு ஒரு சாக்கச் சொல்லி அனுப்பிட்டேன். எம் மருமவளுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு என்னுது. அவ அடுப்படிய எடுத்துராதிய."

இத்தனை மாதம் ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துப் பாயில் தொழுதும் எனக்கு இது தெரியாது. அவர் பிடிவாதக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வக்கீல் அதற்கு மேல் கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். முருகையா அண்ணாச்சி மூக்கைச் சிந்தினார். சாகுல் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் தூக்கி வளர்த்த பெரியம்மா அல்லவா அவர்.

உத்தரவு சில நாள் கழித்து வந்தது. மனு அனுமதிக்கப்பட்டது. வக்கீல் அதை எனக்குத் தமிழில் சொன்னார். தாமதம் அலட்சியத்தால் வந்தது இல்லை, கோர்ட்டை ஏமாற்றவும் இல்லை. மனுதாரர்கள் தங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அதனாலேயே அவர்கள் சொல்வதை நம்பலாம். அவர்களுடைய வழக்கைக் கேட்காமலே கதவைச் சாத்துவது நியாயம் ஆகாது. இப்படி எழுதியிருந்தாராம் ஜட்ஜ் அம்மா. எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று வக்கீல் பயந்தாரோ அந்த வார்த்தையே எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அப்பீல் பதிவாகி, அது முடியும்வரை பின்பாதியைத் தொடக் கூடாது என்று தடையும் கிடைத்தது.

நான் கேட்ட துஆவை நினைத்துப் பாருங்கள். கேட்க ஒரு மனுஷரை உட்கார வை என்றேன். உட்கார வைத்தான். குறையை நீ நிரப்பு என்றேன். மாமியின் வாயால் நிரப்பினான். நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து உதவி வரவில்லை. எந்த வாசலில் என் அப்பீல் திரும்பிப் போனதோ அந்த வாசலில் நின்றவரையே அனுப்பினான். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்று கோர்ட்டிலிருந்து வந்ததிலிருந்து எங்கள் வீடு மாறிவிட்டது. மாமியும் நானும் இப்போது என் கணவரைப் பற்றிப் பேசுகிறோம். முன்பெல்லாம் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு அழுவோம். சீசனுக்குக் கடையை நான் திறந்தேன். மாமி கல்லாவில் உட்கார்ந்து, விலை குறைக்கச் சொல்லும் ஆட்களை அதட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு வேலையும் செய்கிறோம். எங்கள் பக்கம் எந்த வீட்டில் இத்தா என்று கேள்விப்பட்டாலும் இருவரும் போகிறோம். உள்ளறைக்குப் போய்க் கையைப் பிடித்து, அழுது முடிந்தபின், கோர்ட்டிலோ ஆபீஸிலோ கெடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறோம். சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கையெழுத்து வேண்டுமென்றால் நானே காகிதத்தைத் திரைக்கு உள்ளே கொண்டுபோய் வாங்கி வந்து கொடுக்கிறேன்.

சென்ற மாதம் சாகுலின் தங்கை மாப்பிள்ளை சவூதியில் வேலை பார்த்த இடத்திலேயே மவுத்தானார். தங்கை அண்ணன் வீட்டில்தான் இத்தா இருக்கிறாள். கம்பெனியிலிருந்து வரவேண்டிய பணத்துக்கு இத்தனை தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று காகிதம் வந்திருப்பதாகவும், வீட்டுப் பெரியவர்கள் இப்போது வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டதாகவும் எங்கள் காதுக்கு வந்தது. போவதா வேண்டாமா என்று நான் யோசித்தேன். வழக்கு நடக்கிறது. அவன் எதிர்க்கட்சி. மாமிதான், "அந்தப் புள்ள என்னட்டி பண்ணும்? துப்பட்டிய எடு" என்றார்.

அடுத்த தெரு சுற்றி அவர்கள் வாசலுக்குப் போனோம். சாகுல் வாசலில் நின்றான். வழக்குப் போட்ட பிறகு அவன் என்னிடம் பேசியதே இல்லை. எங்களைப் பார்த்ததும் அவனுக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. உள்ளே போனான். அந்தக் காகிதத்தை எடுத்துவந்து, இரண்டு கையாலும் மாமியிடம் நீட்டினான்.

"உள்ள போங்க பெரியம்மா. மைனி, நீங்களும் போங்க" என்றான். மாமி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

அப்பீல் இன்னும் நடக்கிறது. ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோற்றாலும் என் பேச்சைக் கேட்டபிறகுதான் தோற்பேன். சகோதரிகளே, உங்களில் யாருக்காவது காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் பேச்சை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். தொழுகைப் பாயில் உட்காருங்கள். உண்மை எதுவோ அதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய் அதே உண்மையை மனுஷர்களிடமும் சொல்லுங்கள். எங்களுக்காகவும் சாகுல் வீட்டுக்காகவும் சேர்த்தே துஆ செய்யுங்கள்.